செங்காய்ச்சலும் பத்து நாள் மருந்தும்

1. காய்ச்சல் வந்தது

அது ஒரு சிறிய குடும்பம். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அம்மா வீட்டிலிருந்தே பூக் கட்டுகிறார். அம்மாவைப் பெற்ற பாட்டியும் அவர்களோடு இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் பெண். அவளுக்கு வயது 7. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தம்பிக்கு வயது 4. அவன் அங்கன்வாடிக்குப் போகிறான்.

அம்மாவுக்கு முன்பு எழுதப் படிக்கத் தெரியாது. இரவு வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டார். இப்போது பஸ்ஸின் பெயர்ப் பலகையைத் தானே படிக்கிறார். பூக் கணக்கைத் தானே எழுதுகிறார்.

ஒரு திங்கட்கிழமை மாலை. சிறுமி பள்ளியிலிருந்து வந்தாள். பையைத் திண்ணையில் போட்டாள். அப்படியே படுத்துவிட்டாள்.

"தொண்டை வலிக்குதும்மா. எச்சில் விழுங்க முடியலை" என்றாள்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அனல் அடித்தது. தலைவலி, வயிற்று வலி என்றும் சிறுமி சொன்னாள். இரவு ஒரு முறை வாந்தி எடுத்தாள். இருமல் இல்லை. சளியும் இல்லை. ஆனால் கழுத்தில் தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் குறையவில்லை. இரவில் கழுத்திலும் அக்குளிலும் சிவப்பாகப் பொரிப்பொரியாக வந்தது. பிறகு அது மார்பிலும் வயிற்றிலும் பரவியது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. வாயைச் சுற்றி மட்டும் வெளிறி இருந்தது.

அப்பா மகளின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"என்ன இது, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு!" என்றார். தினமும் சுவரை உப்புத்தாளால் தேய்ப்பவர் அவர். அவர் கைக்கு அந்தச் சொரசொரப்பு நன்றாகத் தெரியும்.

2. அம்மையா?

பாட்டி வந்து பார்த்தார்.

"இது அம்மை. வேப்பிலை கொண்டு வாங்க. மாத்திரை, ஊசி எதுவும் வேண்டாம். ஆத்தா தானா இறங்கிடுவா" என்றார்.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. மகள் தண்ணீர் குடிக்கவே அழுகிறாள். அம்மையில் தொண்டை இப்படி வலிக்குமா?

"அம்மா, வேப்பிலையைத் தலைமாட்டில் வைப்போம். அது இருக்கட்டும். காலையில் ஆஸ்பத்திரிக்கும் போய்ட்டு வந்துடுறோம்" என்றார் அம்மா.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, போய்ட்டு வாங்க. பிள்ளை நல்லா இருந்தா போதும்" என்றார்.

3. ஆரம்ப சுகாதார நிலையத்தில்

புதன்கிழமை காலை அப்பா வேலைக்குப் போகவில்லை. அம்மாவும் அப்பாவும் சிறுமியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றார்கள்.

செவிலியர் காய்ச்சலை அளந்தார். 102 டிகிரி இருந்தது.

டாக்டரம்மா சிறுமியின் வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கு அடித்துப் பார்த்தார். தொண்டை நன்றாகச் சிவந்திருந்தது. உள்நாக்கின் இரண்டு பக்கமும் உள்ள சதை வீங்கியிருந்தது. அதன் மேல் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. மேல் அண்ணத்தில் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நாக்கில் வெள்ளையாக மாவு படிந்ததுபோல் இருந்தது. அதன் நடுவே சிவந்த முண்டுகள் தெரிந்தன.

"இரண்டு நாளில் இந்த வெள்ளை உரிந்துவிடும். அப்புறம் நாக்கு கோவைப்பழம் மாதிரி சிவப்பாகும்" என்றார் டாக்டரம்மா.

பிறகு மார்பில் இருந்த சிவப்பை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் வெளுத்தது. விரலை எடுத்ததும் மறுபடி சிவந்தது.

தொண்டையில் ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

"இது அம்மை இல்லைம்மா. இதற்கு ஸ்கார்லெட் காய்ச்சல் என்று பெயர். ஸ்கார்லெட் என்றால் நல்ல சிவப்பு. அதனால் செங்காய்ச்சல் என்று சொல்லலாம். இதற்கு நல்ல மருந்து இருக்கு. பயப்பட வேண்டாம். ஆனால் அலட்சியமாகவும் இருக்கக் கூடாது" என்றார்.

4. பார்த்துத் தெரிந்துகொள்வோம்

உடம்பில் சிவப்பாக எது வந்தாலும் அம்மை என்று நினைக்கிறோம். ஒவ்வொரு நோய்க்கும் அடையாளம் வேறு.

தட்டம்மை: இதை மணல்வாரி என்றும் சொல்வார்கள். முதலில் காய்ச்சல், சளி, இருமல் வரும். கண் சிவந்து நீர் வடியும். பிறகு முகத்தில் தொடங்கிக் கீழே உடம்பு முழுவதும் சிவப்புத் தடிப்பு வரும்.

சின்னம்மை: நீர் கோத்த கொப்புளங்கள் வரும். அரிக்கும். பிறகு காய்ந்து பக்குக் கட்டும்.

வேர்க்குரு: வெயில் காலத்தில் வரும். அரிக்கும். காய்ச்சல் இருக்காது. தொண்டை வலியும் இருக்காது.

செங்காய்ச்சல்: திடீரென்று காய்ச்சலும் தொண்டை வலியும் வரும். ஓரிரு நாளில் சொரசொரப்பான சிவப்பு வரும். பெரும்பாலும் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் தொடங்கும். கை மடிப்பிலும் அக்குளிலும் சிவப்பு அதிகமாக இருக்கும். பெரும்பாலும் சளி, இருமல் இருக்காது.

கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. கையால் தடவிப் பார்க்க வேண்டும். உப்புத்தாள் போல் இருந்தால் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் இது இன்ன நோய் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. காய்ச்சலோடு உடம்பில் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

5. இது எப்படி வருகிறது?

செங்காய்ச்சல் ஒரு கிருமியால் வருகிறது. கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இது கண்ணுக்குத் தெரியாது. தொண்டையில் வளரும். தோலில் உள்ள புண்ணிலும் வளரும். இந்தக் கிருமிகளில் சில ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் உடம்பு சிவக்கிறது.

நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் எச்சில் துளிகள் பறக்கும். அவற்றோடு கிருமியும் வரும். நோயாளி வாய் வைத்துக் குடித்த டம்ளரில் குடித்தாலும் வரும். எச்சில் பட்ட கையாலும் பரவும். கிருமி உள்ளே போன 2 முதல் 5 நாட்களில் நோய் தெரியும்.

5 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும். நெருக்கமான வீடுகளில் வேகமாகப் பரவும். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐதராபாத் நகரில் பல பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. செய்தித்தாள்களில் அதைப் பற்றி எழுதினார்கள்.

பென்சிலின் மருந்து வருவதற்கு முன்பு செங்காய்ச்சல் பல நாடுகளில் ஏராளமான குழந்தைகளைக் கொன்றது. 1928ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பவர் பென்சிலினைக் கண்டுபிடித்தார். இந்தக் கிருமி இன்றும் பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது.

6. மருந்தும் கவனிப்பும்

"இதற்கு முன்னே ஏதாவது மருந்து கொடுத்தப்போ தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லைங்க" என்றார் அம்மா.

சிலருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. அதனால் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா அமாக்சிசிலின் என்ற மருந்தை எழுதினார். இது பென்சிலின் வகை மருந்து. காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை. மொத்தம் 10 நாள்.

செவிலியர் இரண்டு புட்டிகளைக் கொடுத்தார். இரண்டிலும் தூள்தான் இருந்தது.

"முதல் புட்டியில் மட்டும் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை இந்தக் கோடு வரைக்கும் ஊற்றுங்க. நல்லா குலுக்குங்க. கலக்கிய மருந்து எத்தனை நாள் இருக்கும்னு இங்கே எழுதியிருக்கு. படிங்க பார்ப்போம்" என்றார்.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "7 நாட்கள்."

"சரியா படிச்சீங்க. அதனால 7 நாள் கழிச்சு இரண்டாவது புட்டியைக் கலக்குங்க. அதுவரைக்கும் அது தூளாகவே இருக்கட்டும். மருந்தோடு வர்ற மூடியிலோ அளவுக் கரண்டியிலோ அளந்து கொடுங்க. வீட்டுக் கரண்டி வேண்டாம். ஒரு கரண்டி பெரிசா இருக்கும், ஒரு கரண்டி சின்னதா இருக்கும்."

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தார்கள். அதைக் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில்தான் கொடுக்க வேண்டும். "குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது" என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேளை மருந்தைக் கொடுத்தார். பிறகு சுவரில் இருந்த நாள்காட்டியை எடுத்தார். புதன்கிழமையிலிருந்து 10 நாட்களுக்குக் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் காலை, இரவு என்று எழுதினார். மொத்தம் 20 வேளை. முதல் வேளைக்கு ஒரு கோடு போட்டார்.

பாட்டியும் சும்மா இருக்கவில்லை. அரிசிக் கஞ்சியைக் குழைய வைத்து ஆற்றிக் கொடுத்தார். இளநீர் கொடுத்தார். மோர் கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுச் சிறுமியைத் தொண்டை வரை கொப்பளிக்க வைத்தார். காரமும் புளிப்பும் தரவில்லை. பாட்டியின் இந்தக் கவனிப்பு சிறுமிக்கு மிகவும் உதவியது.

7. நான்காம் நாள்

சனிக்கிழமை வந்தது. மருந்து தொடங்கி 4 நாள் ஆனது. காய்ச்சல் வியாழன் இரவே விட்டுவிட்டது. சிவப்பு மங்கியது. தொண்டை வலி இல்லை. சிறுமி தெருவில் பாண்டி ஆடினாள்.

அம்மா மருந்தை எடுத்தார்.

"பிள்ளைதான் நல்லா ஆடுதே! இன்னும் எதுக்கு மருந்து? உடம்புக்குச் சூடு. மிச்சத்தை எடுத்து வை. அடுத்த தடவை ஆகும்" என்றார் பாட்டி.

"சின்னவனுக்கும் சளியா இருக்கே. அவனுக்கு இதிலே கொஞ்சம் கொடுக்கலாமே" என்றார் அப்பா.

அம்மா யோசித்தார். அவர்கள் சொல்வது சரி என்றுதான் அவருக்கும் தோன்றியது. மருந்தைக் கண்டாலே சிறுமி முகம் சுளித்தாள். அம்மா நாள்காட்டியைப் பார்த்தார். 6 கோடுகள்தான் இருந்தன. 14 கோடுகள் பாக்கி.

அப்போது அத்தை வீட்டுக்குள் வந்தார். அத்தை, அப்பாவின் தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறார். தெருக்கோடியிலிருந்து நடந்து வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. திண்ணையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

நடந்ததைக் கேட்டார். மருந்துப் புட்டியைக் கையில் வாங்கினார்.

"அண்ணி, இதை நிறுத்தாதீங்க" என்றார்.

8. அத்தையின் கதை

அத்தைக்கு அப்போது 10 வயது. தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வந்தது. முதலில் முழங்கால் வீங்கியது. அது வடிந்தது. பிறகு கணுக்கால் வீங்கியது. அதன் பிறகு முழங்கை. வளரும் பிள்ளைக்கு வரும் வலி என்று நினைத்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். சில வாரங்களில் அதுவும் போய்விட்டது.

பல வருடங்கள் போயின. அத்தைக்குக் கல்யாணம் ஆனது. கர்ப்பமானபோது படி ஏற முடியவில்லை. இரவில் படுத்தால் மூச்சு முட்டியது. அரசு மருத்துவமனையில் இதயத்தைச் சோதித்தார்கள். இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள்.

"உனக்குச் சின்ன வயசில் மூட்டு வீங்குச்சா என்று கேட்டாங்க. அப்போதான் எனக்கே புரிஞ்சுது. அந்தத் தொண்டை வலிதான் இதுக்கெல்லாம் ஆரம்பம்" என்றார் அத்தை.

இப்போது அத்தை 3 வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறார். பல வருடம் போட வேண்டும். வால்வை விரிக்க ஒரு சிகிச்சையும் செய்தார்கள். வேலைக்குப் போக முடியவில்லை.

"எனக்கு அன்னைக்கு யாரும் 10 நாள் மருந்து கொடுக்கலை. யாருக்கும் தெரியலை. இப்போ நமக்குத் தெரியுது. பிள்ளைக்குக் கொடுத்துடுங்க" என்றார்.

அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மூட்டு வீங்கிய நாட்களில் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது அவர்தான்.

பாட்டி எழுந்தார். மருந்துப் புட்டியை எடுத்துக் குலுக்கினார். "வாடி கண்ணு" என்று பேத்தியைக் கூப்பிட்டார்.

9. தொண்டைக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

கிருமி உள்ளே வந்தால் நம் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும். சில பிள்ளைகளின் உடம்பு இந்தச் சண்டையில் தவறு செய்துவிடுகிறது. கிருமி என்று நினைத்துத் தன் மூட்டையும் இதயத்தையும் தாக்குகிறது. இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். தொண்டை வலி வந்து 2, 3 வாரம் கழித்துத்தான் பெரும்பாலும் இது வரும். அதனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை.

நம் இதயத்தில் 4 வால்வுகள் இருக்கின்றன. இவை கதவுகள் போன்றவை. இரத்தம் போகத் திறக்கும். திரும்பி வராமல் மூடும். ருமாட்டிக் காய்ச்சலில் இந்தக் கதவுகள் தடித்துப் போகின்றன. பிறகு சரியாகத் திறப்பதில்லை. சரியாக மூடுவதும் இல்லை. மூட்டு வீக்கம் வடிந்துவிடும். வால்வில் ஏற்பட்ட கெடுதல் தங்கிவிடும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்குத்தான் வருகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம் நாட்டில் இதனால் இதயம் கெட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதைத் தடுக்க வழி உண்டு. தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்க வேண்டும். 10 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் கிருமி தொண்டையில் மிச்சம் இருக்கும். காய்ச்சல் விட்டது என்றால் கிருமி எல்லாம் செத்துவிட்டது என்று பொருள் இல்லை.

சில சமயம் மருத்துவர் 10 நாள் மருந்துக்குப் பதிலாக ஒரே ஒரு பென்சிலின் ஊசி போடுவார். அதுவும் நல்ல மருந்துதான்.

தம்பியின் சளிக்கு இந்த மருந்து வேண்டியதில்லை. சாதாரணச் சளி வேறு வகைக் கிருமியால் வருகிறது. அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்தால் இருவருக்கும் கெடுதல். ஆனால் தம்பிக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

10. எப்போது உடனே போக வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108க்குப் போன் செய்யலாம்.

மூச்சு விடச் சிரமப்படுவது.
தண்ணீர்கூட விழுங்க முடியாமல் எச்சில் வடிவது.
வாயைத் திறக்க முடியாமல் போவது.
எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடப்பது.
வலிப்பு வருவது.

மருந்து கொடுத்த பிறகு உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறினாலும் உடனே போக வேண்டும்.

நோய் குணமான பிறகும் 4, 5 வாரம் கவனிக்க வேண்டும். சிறுநீர் கறுங்காப்பி நிறத்தில் போகலாம். காலையில் முகமும் கண்ணிமையும் வீங்கலாம். சிறுநீர் குறையலாம். அப்படியானால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். மூட்டு வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், கை கால் தானாக ஆடினாலும் உடனே காட்ட வேண்டும். முன்பு வந்த தொண்டை வலியைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

11. பரவாமல் தடுப்போம்

செங்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இல்லை. ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடியும் வரலாம். அதனால் பரவாமல் தடுப்பதுதான் வழி.

மருந்து தொடங்கி ஒரு நாள் முழுதாக ஆக வேண்டும். காய்ச்சலும் விட வேண்டும். அதுவரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது.

நோயாளிக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, தனித் துண்டு வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் அவற்றை மறுபடி பயன்படுத்தலாம். தண்ணீரை வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது நல்ல பழக்கம்.

இருமும்போதும் தும்மும்போதும் துணியால் வாயை மூட வேண்டும். துணி இல்லை என்றால் முழங்கை மடிப்பால் மூட வேண்டும். மூக்கைத் துடைத்த பிறகும் சாப்பிடும் முன்பும் சோப்பால் கை கழுவ வேண்டும். சொறி, புண்களைச் சுத்தமாகக் கழுவி மூடி வைக்க வேண்டும். சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்.

வீட்டிலோ வகுப்பிலோ வேறு யாருக்காவது தொண்டை வலியும் காய்ச்சலும் இருந்தால் காட்டச் சொல்ல வேண்டும். இந்தச் சிறுமியின் அம்மா பள்ளி ஆசிரியரிடம் போய்ச் சொன்னார். அதே வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குத் தொண்டை வலி இருந்தது. அவர்களும் மருத்துவரிடம் போனார்கள். பள்ளியில் எல்லோரும் ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தார்கள். ஆசிரியர் அதை மாற்றினார். இப்போது பிள்ளைகள் வீட்டிலிருந்து தங்கள் புட்டியைக் கொண்டு வருகிறார்கள்.

ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் என்ற அரசுத் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கியது. இதன்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறார்கள். பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். இந்த இதய நோய் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புங்கள்.

12. இருபது கோடுகள்

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு. சிறுமியே நாள்காட்டியை எடுத்தாள். கடைசிக் கோட்டை அவளே போட்டாள். அம்மாவும் மகளும் சேர்ந்து எண்ணினார்கள். சரியாக 20 கோடுகள்.

சில நாள் கழித்துச் சிறுமியின் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. பாட்டி பயந்தார். செவிலியரிடம் கேட்டார்கள். "செங்காய்ச்சலுக்குப் பிறகு இப்படி உரியும். தேங்காய் எண்ணெய் தடவுங்க. தானா சரியாகும்" என்றார் அவர்.

அந்த நாள்காட்டித் தாளை அம்மா கிழித்துப் போடவில்லை. இரவு வகுப்புக்குக் கொண்டு போனார். மற்றப் பெண்களுக்குக் காட்டினார். எப்படிக் கட்டம் போடுவது என்று சொல்லிக் கொடுத்தார்.

நினைவில் வைப்போம்

1. காய்ச்சல், தொண்டை வலி, சொரசொரப்பான சிவப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் காட்டுவோம்.
2. அம்மை என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருக்க மாட்டோம்.
3. காய்ச்சல் விட்டாலும் 10 நாள் மருந்தையும் கொடுத்து முடிப்போம்.
4. மிச்ச மருந்தை எடுத்து வைக்க மாட்டோம். பிறருக்குக் கொடுக்க மாட்டோம்.
5. தொண்டை வலிக்குப் பிறகு மூட்டு வீங்கினால் அலட்சியம் செய்ய மாட்டோம்.

பதில் சொல்லுங்கள்

1. சிறுமிக்கு முதலில் என்னென்ன தொல்லைகள் வந்தன?
2. செங்காய்ச்சலுக்கும் தட்டம்மைக்கும் என்ன வேறுபாடு?
3. இரண்டாவது புட்டியை ஏன் உடனே கலக்கக் கூடாது?
4. நான்காம் நாள் மருந்தை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கலாம்?
5. அத்தைக்கு மூச்சு வாங்கியது ஏன்?

கலந்து பேசுங்கள்

உங்கள் வீட்டில் மருந்தைப் பாதியில் நிறுத்தியது உண்டா? ஏன் நிறுத்தினீர்கள்? உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் எப்படித் தண்ணீர் குடிக்கிறார்கள்? அதை மாற்ற என்ன செய்யலாம்?

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள ஒரு மருந்துப் புட்டியை எடுங்கள். மருந்தின் பெயரைப் படியுங்கள். எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் செவிலியரிடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு 2 வேளை, 5 நாள் மருந்து என்றால் மொத்தம் எத்தனை வேளை? நாள்காட்டியில் கட்டம் போட்டு எண்ணுங்கள்.